வேப்பமரத்துக் குடித்தனம்

நமது வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. கும்பகோணத்தில் காவிரிக்கரையை அடுத்த பழைய தெருக்களில் இத்தகைய கொல்லைகளும் குறைந்து வருகின்றன. மரங்களும் குறைந்து வருகின்றன. எஞ்சியிருக்கும் இந்த ஒரு மரத்தின் மேல்கவட்டில், இவ்வாண்டு பங்குனி மாதத்தில் ஒரு தம்பதிகள் குடியேறினார்கள். ஆனி முடிவதற்குள் காலி செய்துவிட்டுப் போயும் விட்டார்கள். முன்பணமும் கிடையாது, வாடகையும் கிடையாது, போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவும் இல்லை. ஆயினும் அவர்கள் போன நாள் முதல் கொல்லை வெறிச்சென்று இருக்கிறது. அந்தத் தம்பதிகள் வல்லூறு ஜாதியைச் சேர்ந்தவர்கள்.

வல்லூறு என்ற சொல்லைக் கண்டதுமே நேயர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும் கொள்ளைக்காரப் பக்ஷிக்கு இவ்வளவு உபசாரமா என்று கேட்கவும் கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படிச் சுளித்தவர்தாம். சுளித்ததோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தோம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற விஷயங்களைச் சொல்லுவது நியாயம்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, நமது கொல்லைக் கிணற்றடியில் உள்ள பவழமல்லிச் செடியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. கையெட்டும் உயரம், சிரட்டையளவு கூடு. அதில் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாம் முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் செடியைத்தான். தாயும் தகப்பனும் புழுவும் பழமுமாகக் கொண்டுவந்து ஊட்டும் அழகைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் மாலை நாம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று சுவரைத் தாண்டித் தாழப் பறந்து வந்தது. செடி ஒரு முறை குலுங்கிற்று. அடுத்த கணம் அது வேப்பமரத்துக்குள் மறைந்துவிட்டது. கூட்டில் மூன்றுக்குப் பதிலாக இரண்டு குஞ்சுகளே இருந்தன. மறுநாள் ஒன்றாயிற்று. அதற்கும் மறுநாள் கூடு காலியாகிவிட்டது.

நமக்கு உண்டான ஆத்திரத்துக்கு அளவில்லை. வேப்பமரத்தின் மேல்கவட்டில் சுள்ளிக் குவியல் ஒன்று தென்பட்டது. மறுவாரம் தேங்காய் பறிக்க வந்த ஆளைக் கொண்டு அதை நீண்ட அலக்கினால் தட்டிவிடச் சொன்னோம். கூடு சிதறிக் கீழே விழுந்தது. அதோடு முட்டைகளும் விழுந்தன. வெளிர்நீலம் பாய்ந்த வெண்மையான முட்டைகள்; ஒன்று மட்டும் உடையாமல் புல்லின் மேல் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது.

நமது வீட்டு அம்மாள் சமையலறை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது மட்டும் யாருக்காக இரை தேடுகிறது? வரப்போகிற தன் குஞ்சுக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

மறுநாட் காலையில் ஆண் பக்ஷி காலில் ஓர் ஓணானைப் பற்றிக்கொண்டு வந்தது. அடைகாக்கும் பெட்டைக்கு ஆண் இரை கொண்டுவந்து கொடுப்பது இந்த ஜாதியின் வழக்கம் என்பது நமக்குப் பின்னால்தான் தெரிந்தது. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து 'கிக்-கீ, கிக்-கீ' என்று கூப்பிட்டது. பதில் இல்லை. காலியான கவட்டுக்கு ஒரு முறை பறந்து போய்ப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடியும் கூப்பிட்டது. இப்படியே வெயில் ஏறும் வரையில் நடந்தது. நாம் அன்று பள்ளிக்கூடத்தில் உயிர்நூல் பாடம் நடத்த வேண்டியிருந்தது. எப்படி நடத்தினோம் என்பதைக் கேளாதிருப்பது நலம்.

காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையை அழிப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதற்குச் சமமான குற்றமாகும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நாம் அதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். அறியாமல் செய்ததென்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு விருப்பமில்லை. செய்த பிழைக்குப் பிராயச்சித்தமாக, அந்தப் பக்ஷியைப் பற்றி அறிந்துகொள்வதென்று தீர்மானித்தோம்.

முதலில், ஆள் அடையாளம். நம் நாட்டு ஜனங்கள் வளைந்த அலகுள்ள எல்லாப் பக்ஷிகளையும் பருந்து என்று ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். சந்தைக்கு மேலும் குப்பைமேட்டுக்கு மேலும் வட்டமிடுவது கள்ளப்பருந்து. அதன் வால் நுனி மீனின் வாலைப் போலப் பிளவுபட்டிருக்கும். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் உடையது செம்பருந்து. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதுதான். வல்லூறு இவ்விரண்டையும் விட மிகச் சிறியது. ஏறக்குறையப் புறாவளவே இருக்கும். மேற்புறம் சாம்பல் நீலம். மார்பிலும் வயிற்றிலும் வெண்மையின் மேல் செங்காவி வரிகள் குறுக்கே ஓடும். நீண்ட வாலில் கரிய பட்டைகள் இருக்கும். ஆணின் கண் குன்றிமணிச் சிவப்பு. பெட்டையின் கண்ணில் மஞ்சள் கலந்திருக்கும். இளம்பறவைகளோ மேலே பழுப்பாகவும், மார்பில் நெடுக்காகத் தீற்றிய கோடுகளுடனும் இருக்கும்.

பருந்தின் சிறகு நீண்டது. வானத்தில் மிதப்பதற்கு ஏற்றது. வல்லூற்றின் சிறகு குட்டையானது, நுனி வட்டமானது, வாலோ நீளமானது. கிளைகளுக்கு நடுவே சட்டென்று திரும்புவதற்கு இதைவிடச் சிறந்த அமைப்பு வேறில்லை. நாலைந்து முறை சிறகடித்துவிட்டு, பிறகு அசையாமல் வழுக்கிச் செல்லும். மறுபடியும் நாலைந்து அடி. இலைமறைவில் அசையாது உட்கார்ந்திருந்து, தாழப் பாய்ந்து, நகங்களால் இறுக்கிக் கொல்லும். ஓடிப் பிடிப்பதைக் காட்டிலும் ஒளிந்து பிடிப்பதே அதன் தொழில் முறை.

ஹிந்துஸ்தானியில் இதற்கு 'சிக்ரா' என்று பெயர். எளிதில் பழகக்கூடியதாகையால் வடநாட்டில் பறவைகளைக் கொண்டு வேட்டையாடுவோர் இதைப் பிடித்துப் பழக்கிக் காடையின் மேல் ஏவினார்கள். ஆப்பிரிக்காவில் ஸஹாராவுக்குத் தெற்கிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரையில் இது பரவியிருக்கிறது. 1788-ல் ஜெர்மானிய அறிஞர் க்மெலின் இதற்கு லத்தீன் பெயர் சூட்டியபோது ஆதாரமாகக் கொண்டது இலங்கைப் பறவையையே. ஆகையால் சாஸ்திர உலகத்துக்கு இந்த ஜாதியை அறிமுகப்படுத்திய பெருமை நமது அண்டை வீட்டைச் சேர்ந்தது.

இனி, குடித்தனம் தொடங்கிய கதை. கூடு கலைந்த வருஷம் அந்த ஜோடி நம் கொல்லையை விட்டுப் போய், இரண்டு வீடு தள்ளியிருந்த மாமரத்தில் மறுபடியும் கட்டிற்று. முட்டைகளை இழந்தால் இந்தப் பக்ஷி அதே பருவத்தில் மீண்டும் இடும் என்பதை அறிந்தபோது நமது நெஞ்சின் பாரம் சற்றுக் குறைந்தது. சென்ற வருஷம் அந்த மாமரம் வீடு கட்டுவதற்காக வெட்டுண்டது. இவ்வாண்டு பங்குனி பிறந்ததும், விடியற்காலையில், பழைய 'கிக்-கீ' ஓசை நம் வேப்பமரத்திலேயே கேட்டது. நாம் படுக்கையை விட்டு எழுந்து ஓடிய வேகத்தைக் கண்டு, வீட்டில் திருடன் புகுந்துவிட்டானோ என்று பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

வல்லூறு கூடு கட்டும் அழகை என்னவென்று சொல்லுவது! காக்கை சுள்ளியை அலகில் கொண்டுவரும். இதுவோ காலில் பற்றிக்கொண்டு வரும். ஆணும் பெட்டையும் இருவருமே சுமப்பார்கள். நாளைக்கு இரண்டு மூன்று சுள்ளி வந்தால் பெரிய காரியம். வைத்ததை எடுத்து, எடுத்ததை வேறிடத்தில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடியும் எடுத்து - கல்யாண வீட்டில் நாற்காலி போடும் மாமாவைப் போல ஓயாத ஏற்பாடு. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு துண்டுக் கம்பியையும் கொண்டுவந்து சேர்த்தன. இவ்வளவு பிரயாசைக்கும் பின்னர் உருவான மாளிகையைப் பார்த்தால், ஓட்டையும் உடைசலுமாய், கௌரவமுள்ள காக்கை எதுவும் குடியேறச் சம்மதிக்காது போலிருந்தது. உட்புறம் மட்டும் கொஞ்சம் புல் பரப்பி மெத்தென்று செய்துகொண்டன.

கூடுகளையும் முட்டைகளையும் ஆராய்வதை வெறும் பொழுதுபோக்கென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1885-ல் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் முன்னணியில் நின்ற ஏ. ஓ. ஹ்யூம், அதற்கு முன்பே இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி ஒரு பெரிய நூலை 1873-ல் வெளியிடத் தொடங்கியவர். அரசாங்கத்தின் குறைகளையும் பக்ஷிகளின் குடும்ப விவகாரங்களையும் ஒரே சிரத்தையுடன் கவனித்த மனிதர் அவர்.

பங்குனி பாதிக்கு மேல் பெட்டை கூட்டில் அமர்ந்துவிட்டது. மூன்று அல்லது நான்கு முட்டை இடுவது வழக்கம். அது முதல் குடும்பத்தில் வேலைப் பங்கீடு கண்டிப்பாக நடந்தது. அடைகாப்பது பெரும்பாலும் பெட்டை. சம்பாத்தியம் முழுவதும் ஆண். ஆண் இரையுடன் வந்து தூரத்துக் கிளையில் உட்கார்ந்து குரல் கொடுக்கும். பெட்டை எழுந்து போய் வாங்கிக்கொண்டு, தின்றுவிட்டு, கால் சிறகு நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுத் திரும்பும்.

இந்த ஜாதியில் பெட்டைதான் உருவத்தில் பெரியது. ஆண் சிறியது. மற்றப் பறவைகள் பலவற்றில் காண்பதற்கு இது நேர்மாறு. அறிஞர்கள் இதற்குக் கூறும் காரணங்களில் ஒன்று நமக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது: கூட்டைக் காவல் காக்க வலிமை வேண்டும், அதனால் பெட்டை பெரிது. கிளைகளுக்குள் நுழைந்து விரைந்தோடும் சிறு இரையைப் பிடிக்கச் சுறுசுறுப்பு வேண்டும். அதனால் ஆண் சிறிது. நாம் இதை வீட்டில் எடுத்துச் சொன்னபோது, "இங்கேயும் அப்படித்தான் நடக்கிறது, உருவத்தில்தான் மாற்றம்" என்று பதில் வந்தது.

மூன்று நான்கு வாரம் கழித்து, சித்திரைக் கடைசியில், கூட்டின் விளிம்புக்கு மேலே வெள்ளைப் பஞ்சுருண்டை போல ஒரு தலை தெரிந்தது. பிறகு இரண்டாயிற்று, பிறகு மூன்று. கோடை விடுமுறை நமக்குக் கை கொடுத்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் நால்வர் முறை வைத்துக்கொண்டு நமது மாடியில் தூரக்கண்ணாடியும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்தார்கள். என்ன வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, யார் கொண்டுவந்தது என்பதை எழுத வேண்டும் என்பது உத்தரவு.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் நமது பழைய ஆத்திரத்துக்கு வெட்கப்படவே வேண்டியிருக்கிறது. 'ஓணான்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'ஓணான்', 'ஓணான்', 'அரணை', 'சுண்டெலி', 'ஓணான்', 'பெரிய வெட்டுக்கிளி', 'தவளை'. நடுநடுவே 'குருவி - என்ன குருவி என்று தெரியவில்லை' என்றும் இருக்கிறது. அணிற்பிள்ளை ஒன்றும் இருக்கிறது. கொண்டைக்குருவியின் முட்டையையும் இளங்குஞ்சையும் தின்பவர்களில் ஓணானும் ஒருவர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நாம் குருவியின் பகைவன் என்று தண்டித்த பக்ஷி, குருவியின் மற்றொரு பகைவனை நாள்தோறும் பிடித்துக்கொண்டிருந்தது. கொல்லையின் கணக்கு அவ்வளவு எளிதான கணக்கல்ல.

இந்த வருஷமும் பவழமல்லியில் கொண்டைக்குருவி கூடு வைத்தது. வேப்பமரத்தில் வல்லூறு இருக்கும்போதே இரண்டு குஞ்சுகள் பறந்துபோயின. ஒரு கூட்டைக் கொண்டு சித்தாந்தம் செய்ய நாம் துணியவில்லை. ஆனால், அமெரிக்காவில் அரிஸோனா மலைகளில் தேன்சிட்டை விடச் சிறிய ஓசனிச்சிட்டுகள், வல்லூற்றுக்கு உறவான பறவைகளின் கூட்டை அண்டிக் கூடு கட்டுவதாகவும், பருந்துக்கு அஞ்சி முட்டைத் திருடும் பறவைகள் அந்தப் பக்கம் வராததால் அவற்றின் குஞ்சுகள் அதிகம் பிழைப்பதாகவும் 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. நமது கொல்லையிலும் அந்த மூன்று மாதம் காக்கைகள் வேப்பமரத்தை நெருங்கும்போதெல்லாம் பெட்டை விரட்டியடித்ததைக் கண்டோம்.

வல்லூற்றின் பெயரைச் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவர்களும் உண்டு. கரிச்சான் என்னும் இரட்டைவால் குருவி வல்லூற்றைப் போலவே குரல் கொடுக்க வல்லது. அதைக் கேட்டு மைனாக்கள் கையிலிருந்த புழுவைப் போட்டுவிட்டு ஓடினால் அதற்கு லாபம். அக்காக்குயிலோ குரலை விட்டுவிட்டு வேஷத்தையே எடுத்துக்கொண்டது. சாம்பல் முதுகு, வரிபோட்ட மார்பு, பட்டை வால், பறக்கும் விதம் எல்லாம் வல்லூறேதான். தவிட்டுக்குருவியின் கூட்டில் களவாக முட்டையிடும் அந்தக் குயிலுக்கு இந்த வேஷம் நன்றாக உதவுகிறது. கூரிய நகம் மட்டும் வேஷத்தில் அடங்கவில்லை.

வைகாசி தொடக்கத்தில் ஒரு நாள் காலை எதிர்வீட்டு ஆயா நமது வாசலில் வந்து நின்றாள். கோழி வளர்த்து முட்டை விற்றுக் காலம் தள்ளுகிறவள் அவள்.

"வாத்தியாரய்யா, ஒங்க மரத்துப் பருந்து என் கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போயிருச்சு. ஒண்ணா ரெண்டா? மூணு! அந்தக் கிளையை வெட்டி விடுங்க. நீங்க வெட்டலேன்னா நான் ஆளை விட்டு வெட்டுறேன்" என்றாள்.

அவளுக்கு உபதேசம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளுக்குப் போனது பணம். நமக்குப் போனதோ பார்த்து மகிழும் வேடிக்கை. அந்த வேடிக்கைக்காகவே நாம் ஒரு கூட்டைக் கலைத்தவர்கள். சட்டத்தை எடுத்துக் காட்டி அவளை மிரட்டுவதும் அழகல்ல. அவளை உட்காரச் சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். பிறகு மாடிக்கு அழைத்துப் போய்த் தூரக்கண்ணாடியைக் கையில் கொடுத்தோம்.

மணி பன்னிரண்டு இருக்கும். அக்கினி நக்ஷத்திர வெயில். வேம்பின் இலைகள் அந்தக் கவட்டில் அடர்த்தியாக இல்லை. வெயில் நேரே கூட்டில் விழுந்தது. பெட்டை வல்லூறு கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு சிறகுகளையும் குடை போல விரித்துக் குஞ்சுகளின் மேல் நிழல் செய்துகொண்டிருந்தது. அதன் அலகு திறந்திருந்தது, தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. அந்த நிழலுக்குள் மூன்று தலைகள் ஒடுங்கிக் கிடந்தன.

ஆயா வெகுநேரம் கண்ணாடியை எடுக்கவில்லை. கடைசியில், "இந்த வெயில்லே எம்புட்டு நேரமா இப்படி நிக்குது?" என்று கேட்டாள்.

"பத்து மணியிலிருந்து நிற்கிறது, ஆயா."

"தண்ணி வேண்டாமா அதுக்கு?" என்றாள். கிளை வெட்டும் பேச்சு அதற்கு மேல் எழவில்லை.

அன்று மாலை நாம் சந்தைக்குப் போய்ப் பெரிய பஞ்சாரக் கூடை இரண்டு வாங்கிக்கொண்டுபோய் அவள் வீட்டில் கொடுத்தோம். இழந்த மூன்று குஞ்சுக்கும் கிரயம் கொடுக்க முயன்றோம். கூடையை மட்டும் வாங்கிக்கொண்டாள். சிறு குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு பகலில் கூடைக்குள் கவிழ்த்து வைத்தால் வல்லூறு நெருங்க முடியாது. வளர்ந்த கோழியைத் தூக்க அதற்கு வலு இல்லை. ஆக, தகராறு உள்ளது சில வாரங்களுக்கு மட்டுமே. அதற்கு மருந்தும் மூங்கிற் பிளாச்சில் இருக்கிறது.

ஆனால், நகரத்தில் வாழத் துணிந்த வல்லூற்றுக்குக் கோழிக்காரியின் கோபத்தைவிடப் பெரிய ஆபத்துகள் உண்டு. வீடுகளில் வைக்கும் எலி விஷங்களில் பல உடனே கொல்வதில்லை. விஷம் தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பதுதான் எளிது. அதைத் தின்னும் பக்ஷியின் உடலிலும் விஷம் சேரும். பூச்சிமருந்தின் கதையும் அதுவே. இங்கிலாந்தில் வல்லூற்றின் சகோதர ஜாதியான சிட்டுப்பருந்தின் தொகை டி.டி.டி. முதலிய மருந்துகளால் பெரிதும் குறைந்தது. முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தையே தாங்காமல் உடைந்ததை ராட்கிளிஃப் என்னும் அறிஞர் 1967-ல் விளக்கிக் காட்டினார். பூச்சியில் துளி, பூச்சியைத் தின்னும் குருவியில் பல துளி, குருவியைத் தின்னும் பருந்தில் குடம் என்று விஷம் படிப்படியாகத் திரண்டது.

நகரத்தின் விருந்திலும் சூது உண்டு. அரிஸோனாவில் டூசான் என்னும் நகரில் கூப்பர் வல்லூறுகள் வீட்டுத் தோட்டங்களில் கூடு கட்டுகின்றன. அங்கே புறாவுக்குக் குறைவில்லை. ஆனால் புறாவின் தொண்டையில் வாழும் ஒரு நுண்கிருமி குஞ்சுகளைப் பற்றிக்கொண்டதால், நகரக் கூடுகளில் ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகள் மாண்டதாக 1999-ல் வெளியான ஆராய்ச்சியில் கண்டார்கள். ஆயினும் பிழைத்தவை நன்கு வாழ்ந்து குலத்தைக் காப்பாற்றின என்று பிற்பாடு தெரிந்தது. ஊருக்குள் வரும் காட்டுயிர் எதுவும் ஒன்றைப் பெற்று ஒன்றை இழந்துதான் வாழ்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு மரந்தான். உயரமான, இலையடர்ந்த, இளைப்பாறக் கவடுள்ள ஒரு மரம் இல்லையென்றால், தெருவில் எத்தனை ஓணான் இருந்தும் பயனில்லை. மின்சாரக் கம்பிக்காகவோ வேறு காரணத்துக்காகவோ கிளை கழிக்க வேண்டியிருப்பின், பங்குனி முதல் ஆனி வரையில் பொறுத்து, அதற்கு முன்போ பின்போ கழிக்கலாம். இதனால் எவருக்கும் நஷ்டமில்லை. நாலு மாதத் தவணை, அவ்வளவே.

வைகாசிக் கடைசியில் குஞ்சுகளின் வெண்பஞ்சு உதிர்ந்து பழுப்பு இறகு முளைத்தது. பொரித்த ஒரு மாதத்துக்குள் கூட்டை விட்டுக் கிளைக்கு வந்துவிட்டன. ஒன்று மட்டும் கால் தவறித் துளசி மாடத்தின் பக்கத்தில் விழுந்தது. பையன்கள் அதைக் கூண்டில் வைத்து வளர்க்க வேண்டுமென்று கெஞ்சினார்கள். கூடாதென்று சொல்லி, பழைய துணியைப் போர்த்தி எடுத்து, பூனைக்கு எட்டாத தாழ்ந்த கிளையொன்றில் வைத்துவிட்டு விலகி நின்றோம். அரைமணிக்குள் தாய் இரையுடன் வந்துவிட்டது. நேயர்கள் எவர் வீட்டிலேனும் இத்தகைய குஞ்சு விழுந்தால் இவ்வாறே செய்யலாம். பால் ஊற்றுவதும், சோறு திணிப்பதும், வீட்டுக்குள் அடைப்பதும் கருணையால் செய்யும் கொலையாகும்.

ஆனி முழுதும் அந்த மூன்றும் கொல்லையில் வேட்டை பழகின. காய்ந்த இலையின் மேல் பாய்ந்தன. துணி உலர்த்தும் கொடியின் மேல் பாய்ந்தன. ஒரு முறை நமது தலைப்பாகைத் துண்டின் மேலும் பாய்ந்தன. பெற்றோர் இரை கொண்டுவருவதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் காலை 'கிக்-கீ' கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கவட்டில் ஓட்டைக் கூடு மட்டும் இருக்கிறது. துண்டுக் கம்பி வெயிலில் மின்னுகிறது.

நேற்று எதிர்வீட்டு ஆயா கோழிகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டே, "என்ன வாத்தியாரய்யா, மேல்வீட்டுக்காரங்க போயிட்டாங்களா? திரும்ப எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

"பங்குனியில் வருவார்கள், ஆயா. நாம் மரத்தை விட்டு வைத்தால்" என்றோம்.

"மரத்துக்கு என்ன? அது பாட்டுக்கு நிக்கட்டும். மாசிக்குள்ளே எனக்கு இன்னொரு கூடை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க" என்றாள் அவள்.